பக்கத்து இருக்கையில் அமர்பவரின் லைசென்ஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரையிலான இடைவெளியில், மும்பையில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டப் பழக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. அப்போது தகப்பன்மார் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, பழகுகிற பிள்ளைக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு ஆகும், அது மலிவாக எங்கே கிடைக்கும் என்பதுதான். செம்பூரில் வசிக்கும் நானும் என் மகனுக்கு 18 வயது நிறைந்த மாதத்தில் அதையேதான் நாலு பேரிடம் கேட்டுக்கொண்டு அலைந்தேன். நான் கேட்டிருக்க வேண்டியது வேறொரு கேள்வி என்பது 38,600 ரூபாய் கைவிட்டுப் போன பிறகே புரிந்தது. என்னைப் போன்ற மற்றவர்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய கேள்விக்கே விடை சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வழக்கமான தனியார் கார் பாலிசியில், பழகும் பிள்ளைக்கென்று தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. இங்கே காப்பீடு வண்டிக்குத்தான் எடுக்கப்படுகிறது. ஓட்டுபவரின் வயதை வைத்து அதன் விலை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்பை ஈடுகட்டும் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி, 1000 சிசி வரையிலான காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இவற்றோடு ஜிஎஸ்டி தனி. சக்கரத்தைப் பிடித்திருப்பவர் 18 வயது மாணவரா, 60 வயது தாத்தாவா என்று இந்தப் பட்டியல் பார்ப்பதில்லை. சொந்தச் சேதத்துக்கான பகுதியை நிறுவனங்கள் தாமே விலை வைத்து விற்கின்றன என்றாலும், அங்கும் வழக்கமாகப் பார்க்கப்படுவது வண்டியின் மதிப்பு, வயது, இன்ஜின் அளவு, மும்பை போன்ற பெருநகரப் பதிவா என்பவைதான்.

லண்டனில் இருக்கும் என் தங்கை இதை நம்ப மறுத்துவிட்டாள். அங்கே 17 வயதில் தற்காலிக உரிமம் பெற்றுப் பழகும் பிள்ளைகளுக்கென்றே நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் தனி பாலிசி விற்கிறார்கள். பெற்றோரின் பாலிசியில் பிள்ளையின் பெயரைச் சேர்த்தால் கட்டணம் எகிறுவதோடு, பிள்ளை எங்கேயாவது இடித்துவிட்டால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் பெற்றோரின் போனஸ் தள்ளுபடியும் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் அந்தத் தனி பாலிசியை வாங்குகிறார்கள். "அண்ணா, என் மகள் பெயரைச் சேர்ப்பதற்குக் கேட்ட பணத்தில் இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம் போலிருக்கிறது, உனக்கு ஒன்றுமே ஆகவில்லையா?" என்று அவள் தொலைபேசியில் கேட்டபோது, எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அங்கே அந்தப் பெரிய தொகையே பெற்றோரை உட்காரவைத்து ஒவ்வொரு நிபந்தனையையும் படிக்க வைத்துவிடுகிறது. இங்கே பணம் கேட்கப்படாததால் எவரும் எதையும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை.

பணம் கேட்கப்படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பாலிசியைப் புதுப்பிக்கும் நேரத்தில் தொலைபேசியில் பேசிய முகவர் ஒருவர், மகனின் பெயரை ஓட்டுநராக ஏற்ற 3,000 ரூபாய் ஆகும் என்றார். நல்லவேளையாக அன்று வேறு அவசரத்தில் இருந்ததால் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். வழக்கமான பாலிசியில் ஓட்டுநர் பற்றிய வாசகம், செல்லுபடியாகும் உரிமம் உள்ள எவரும் ஓட்டலாம் என்றே இருக்கிறது. பெயர் ஏற்றத் தேவையே இல்லை. அதே வாசகத்தின் அடுத்த வரி, நாம் எல்.எல்.ஆர். என்று சொல்லும் பழகுநர் உரிமம் வைத்திருப்பவரும் ஓட்டலாம் என்கிறது. ஆனால் அவர் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3ஆம் விதியைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே வரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த 3ஆம் விதி கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. பழகுபவரிடம் நடப்பிலுள்ள பழகுநர் உரிமம் இருக்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். அந்த வகை வண்டியை ஓட்ட முறையான உரிமம் பெற்ற ஒருவர், தேவைப்பட்டால் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் கூடவே அமர்ந்திருக்க வேண்டும். வண்டியின் முன்னாலும் பின்னாலும், வெள்ளைப் பரப்பில் சிவப்பு 'எல்' எழுத்து தெரிய வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது, எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று அளவுகூடச் சொல்லப்பட்டிருக்கிறது. கடைகளில் விற்கும் உள்ளங்கை அகல ஸ்டிக்கர்கள் இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை என்பதை ஸ்கேல் வைத்துப் பார்த்தபின்தான் நான் அறிந்தேன்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். என் மகன் எல்.எல்.ஆர். தேர்வை வீட்டு மேசையிலேயே கணினியில் எழுதித் தேறினான். மகாராஷ்டிரத்தில் 2021 ஜூன் முதல் இந்த வசதி இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சேடா நகர் முருகன் கோயில் வரை போய் வந்தோம். ஒரு வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. எட்டாம் நாள் மாலை, எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் வாயிலில் திரும்பும்போது எதிரே ஒரு ஆட்டோ வந்துவிட, பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்திவிட்டது. இடது பக்க முன் பம்பர், ஹெட்லைட், அதன் மேலிருந்த தகடு ஆகிய மூன்றும் வாயில் தூணோடு போயின. ஆட்டோக்காரர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, எங்களில் யாருக்கும் அடியில்லை என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்து இருக்கையில் நான்தான் இருந்தேன். முன்னால் 'எல்' ஒட்டியிருந்தது. பின்னால் ஒட்டியிருந்தது முதல் நாள் வண்டி கழுவும்போது உரிந்துபோய், மடித்து டிக்கியில் போடப்பட்டுக் கிடந்தது.

கோவண்டியில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இழப்பீடு கேட்கும் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது அவர் குனிந்து, "அண்ணாச்சி, பையன் ஓட்டினான்னு எழுதாதீங்க, நீங்களே ஓட்டினதா எழுதிருங்க, வேலை லேசா முடிஞ்சிரும்" என்றார். நேர்மையின் காரணமாக மறுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், வாயில் தூணுக்கு நேர் மேலே சொசைட்டியின் கேமரா இருந்தது. எனவே நடந்ததை நடந்தபடியே எழுதினேன், மகனின் எல்.எல்.ஆர். நகலையும் இணைத்தேன். இரண்டு நாள் கழித்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். மரியாதையான மனிதர். படங்கள் எடுத்தார், உடைந்த பாகங்களின் பட்டியலைச் சரிபார்த்தார், பிறகு பையனின் பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டார். நான் இருந்தேன் என்றேன். உங்கள் லைசென்ஸைக் காட்டுங்கள் என்றார். பர்ஸில் பல வருடங்களாக ஒரே இடத்தில் இருந்து நிறம் மங்கிய அந்த அட்டையை உருவிக் கொடுத்தேன். அவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவருடைய கட்டைவிரல் செல்லுபடித் தேதியின் மேல் இருந்தது. அந்தத் தேதி கடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மெக்கானிக் சொன்ன பொய்யை நான் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். செல்லும் எல்.எல்.ஆர். வைத்திருந்த மகனின் பெயரை அடித்துவிட்டு, செல்லாத லைசென்ஸ் வைத்திருந்த என் பெயரை எழுதியிருப்பேன்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்பு மின்னஞ்சலில் வந்தது. நிறுவனத்தின் பெயரை நான் இங்கு எழுதவில்லை, ஏனெனில் அவர்கள் மேல் தவறில்லை. பழகுபவரின் அருகில் முறையான உரிமம் உள்ளவர் இருக்கவில்லை என்பதுதான் காரணம். நான் அங்கே முழு உடலோடு இருந்தேன் என்றாலும், விதியின் கண்ணில் அந்த இருக்கை காலியாகத்தான் இருந்தது. பின்னால் 'எல்' இல்லாததை அவர்கள் குறிப்பிடக்கூட இல்லை. ஒரு காரணமே போதுமானதாக இருந்திருக்கும்.

என் லைசென்ஸ் ஏன் காலாவதியானது என்பதுதான் இக்கடிதத்தின் மையமான செய்தி. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வருவதற்கு முன், 50 வயதுக்குட்பட்டவருக்கு வழங்கப்பட்ட சொந்த வாகன உரிமம் 20 ஆண்டு செல்லும், அல்லது அவருக்கு 50 வயது நிறையும் நாள் வரை செல்லும். இவற்றில் எது முந்தி வருகிறதோ அதுவே கணக்கு. நான் 32ஆம் வயதில் எடுத்த லைசென்ஸ் 20 ஆண்டு ஓடும் என்று மனதில் பதிந்துவிட்டது. அது என் ஐம்பதாவது பிறந்தநாளன்றே முடிந்துவிட்டது. முன்பு காலாவதிக்குப் பின் இருந்த 30 நாள் சலுகையையும் அதே திருத்தம் எடுத்துவிட்டது. இப்போது முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு வரையிலும் தேர்வில்லாமல் புதுப்பிக்கலாம். அதையும் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். ஆனால் இடைப்பட்ட நாள்களில் ஓட்டினால் அது உரிமமில்லாமல் ஓட்டியதுதான். ஐம்பதை நெருங்கும் தகப்பன், பதினெட்டை எட்டும் பிள்ளை என்ற இந்தச் சேர்க்கை நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளை பழகத் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் பழக்குபவரின் லைசென்ஸும் முடிகிறது. எங்கள் கட்டடத்தில் பிள்ளைக்கு எல்.எல்.ஆர். எடுத்திருந்த மற்ற இரண்டு பேரை பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒருவருடையது மூன்று மாதத்தில் முடிகிறது. இன்னொருவர் பார்த்துவிட்டு, அன்று மாலையே பையனுக்கு டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிவிட்டார். இரட்டை பிரேக் உள்ள அவர்கள் வண்டியில், அவர்கள் காப்பீட்டில் பழகட்டும் என்றார். கெட்ட யோசனை இல்லை.

வண்டியைப் பழுதுபார்க்கக் கைக்காசு 38,600 ரூபாய் போனதைப் பற்றி நான் புலம்பவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றே நினைக்கிறேன். அன்று எதிரே வந்த ஆட்டோவிலோ, வாயிலில் நாற்காலி போட்டு அமரும் காவலாளி மீதோ வண்டி மோதியிருந்தால் கணக்கே வேறு. மூன்றாம் நபரின் மரணத்துக்கும் காயத்துக்கும் தர வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. பழகுநர் உரிமமும் சட்டத்தின் பார்வையில் உரிமம்தான், அதைக் காட்டி மட்டும் காப்பீட்டு நிறுவனம் மூன்றாம் நபருக்கான பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. அது பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. ஆனால் பாலிசியின் நிபந்தனை மீறப்பட்டிருந்தால், நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கம். அப்படி ஒரு வசூல் என் மேல் வந்திருந்தால், செம்பூர் வீட்டை விற்றாலும் போதுமோ போதாதோ.

இன்னொரு ஓட்டையும் இதே சமயத்தில்தான் கண்ணில் பட்டது. பாலிசியோடு நாம் கட்டாயமாக எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும்போது அவருக்கு உரியது. வண்டி என் பெயரில் இருக்கும்வரை, ஓட்டுகிற மகனுக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. அவன் தனியாக எங்கேனும் மரத்தில் மோதிக்கொண்டால், மூன்றாம் நபர் என்ற வகையிலும் அவனுக்கு இழப்பீடு கேட்க முடியாது. பிறரின் வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009ஆம் ஆண்டின் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. என் விஷயத்தில் இன்னும் வேடிக்கை, அந்தக் காப்புக்கும் செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும் என்பதால், அந்த ஐந்து மாதமும் நான் பணம் கட்டி வாங்கிய 15 லட்சம் எனக்கே இல்லை. பிள்ளை பழகும் வீட்டில் கூடுதலாக ஏதேனும் வாங்குவதானால், பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கும் தனிநபர் விபத்துக் காப்பைக் கேட்டு வாங்குவதுதான் என் கருத்தில் முதல் செலவு. பாலிசிக்குள் அதற்கு 2 லட்சம்தான் உச்சம் என்றாலும் அதற்கான கட்டணம் சிறியது. போதாது என்று நினைப்பவர் மகன் பெயரில் தனியாகவே ஒரு விபத்துக் காப்பீடு எடுக்கலாம்.

சிக்கனம் செய்ய இடமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் முகவர்கள் காட்டும் இடத்தில் அது இல்லை. விருப்பக் கழிவுத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 15,000 ரூபாயை நானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால், சொந்தச் சேதக் கட்டணத்தில் 35 சதவீதம் தள்ளுபடி. ஆனால் பழைய மோட்டார் டாரிஃப் என்ற கட்டணப் பட்டியல் வகுத்த கணக்கின்படி அந்தத் தள்ளுபடி 2,500 ரூபாயைத் தாண்டாது. நிதானமான ஓட்டுநருக்கு இது லாபமாக இருக்கலாம். பம்பரும் கதவும் எப்போது வேண்டுமானாலும் அடி வாங்கலாம் என்ற நிலையிலுள்ள வீட்டில், 2,500 மிச்சம் பிடிக்க 15,000 பொறுப்பேற்பது கைக்காசைப் போட்டுக் கடன் வாங்குவது போன்றது.

நோ கிளெய்ம் போனஸ் பற்றிய கணக்கு இதைவிட முக்கியம். அதை நான் தாளில் போட்டுப் பார்த்தேன். கிளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறுகிறது. ஒரு கிளெய்ம் வாங்கினால் மறுபடி சுழியத்தில் இறங்குகிறது. வண்டியின் சொந்தச் சேதக் கட்டணம் கணக்குக்காக 10,000 ரூபாய் என்றும், கையில் 50 சதவீத போனஸ் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் வாங்கினால் அடுத்த ஆண்டு 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்கடுத்த ஆண்டுகளில் முறையே 3,000, 2,500, 1,500, 500 ரூபாய். மொத்தம் 12,500. ஆகவே 12,500 ரூபாய்க்குள் முடியும் இடிக்கும் உரசலுக்கும் நிறுவனத்தின் வாசலை மிதிக்காமல் கைக்காசு போடுவதுதான் நீண்ட கால லாபம். போனஸைக் காக்கும் கூடுதல் காப்பு ஒன்றும் விற்கப்படுகிறது. பிள்ளை பழகும் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் அதை வாங்குவது தவறில்லை.

தேய்மானக் கழிவு இல்லாத, ஜீரோ டெப் எனப்படும் காப்புக்கும் அதே நியாயம்தான். பழகுபவர்கள் உடைப்பது பெரும்பாலும் பம்பரைத்தான், பம்பர் பிளாஸ்டிக். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். பெயின்ட்டின் விலையிலும் பாதி போய்விடும். இன்ஜின் பாதுகாப்புக் காப்பை நீக்கினால் சில நூறு ரூபாய் குறையும் என்று எனக்கும் யோசனை சொல்லப்பட்டது. 2005 ஜூலை 26 அன்று சான்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, நகரமே வண்டிகளை விட்டுவிட்டு நடந்ததைப் பார்த்தவன் நான். எனவே அந்த யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தேங்கிய நீரில் வண்டி அணைந்தால் சாவியைத் தொடாமல் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது அனுபவசாலிக்குத் தெரியும். பழகும் பிள்ளை பதற்றத்தில் மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்வான். அப்படி நீரை உறிஞ்சிப் பழுதாகும் இன்ஜினுக்கு அடிப்படை பாலிசி பொறுப்பேற்காது. அதிகம் ஓட்டாத குடும்பங்களுக்கு, ஓடும் கிலோமீட்டரைப் பொறுத்துக் கட்டணம் செலுத்தும் காப்புகளைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. வாரம் ஒருமுறை கோயிலுக்கும் மாட்டுங்காவுக்கும் மட்டும் வண்டி எடுப்பவர்கள் அதை விசாரித்துப் பார்க்கலாம்.

18 வயது நிறையாத பிள்ளைகளுக்கு வண்டியைக் கொடுப்போர் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. கார் ஓட்ட அந்த வயதில் எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது என்பதால் அங்கே மலிவான காப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. 2024 மே மாதம் புணே கல்யாணி நகரில் சிறுவன் ஓட்டிய கார் மோதி இருவர் இறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

சம்பந்தப்பட்டவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றிரண்டுதான். பழகுநர் பற்றிய நிபந்தனை, பாலிசியின் பின்பக்கங்களில் விதி எண்ணாக மட்டும் ஒளிந்திருக்கிறது. அதை முதல் பக்கத்தில், விதி எண்ணைச் சொல்லாமல், உங்கள் பக்கத்தில் அமர்பவரின் லைசென்ஸ் நடப்பில் இருக்க வேண்டும் என்று நேரடியாக, வாடிக்கையாளர் கேட்கும் மொழியில் அச்சிட வேண்டும். பிரிட்டனில் பழகுபவரின் பக்கத்தில் அமர்பவருக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அவர் மூன்று ஆண்டாவது உரிமம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி உண்டு. இங்கே நேற்று லைசென்ஸ் வாங்கிய அண்ணன் இன்று தம்பிக்குப் பழக்கலாம்; காகிதத்தில் அது முழுச் செல்லுபடி, பத்து ஆண்டு ஓட்டிய, ஆனால் போன மாதம் லைசென்ஸ் முடிந்த தாய் பழக்கினால்தான் தவறு. போக்குவரத்து அமைச்சகம் இதைப் பற்றியும் யோசிக்கலாம்.

அதைவிட எளிதான காரியம் ஒன்று இருக்கிறது. சிக்னலைத் தாண்டினால் அபராதக் குறுஞ்செய்தி கைபேசிக்கு வந்துவிடுகிறது. புகைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாலிசி புதுப்பிக்கும்போது காப்பீட்டு நிறுவனம் கேட்டதுண்டு. அதே படிவத்தில், உரிமையாளரின் லைசென்ஸ் எந்தத் தேதி வரை என்று ஒரு கட்டம் சேர்த்தால் நிறுவனத்துக்கு என்ன செலவு? என் லைசென்ஸ் முடிவதற்கு முன் ஒரு குறுஞ்செய்தி எனக்கு வந்திருந்தால், வடாலா ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு மருத்துவச் சான்றிதழோடு அன்றே போயிருப்பேன். பிறகு போனேன், மகன் நிரந்தர லைசென்ஸுக்கு ஓட்டிக் காட்டிய அதே காலையில் நானும் புதுப்பித்துக்கொண்டேன், இனி 60 வயது வரை கவலையில்லை. அந்தக் குறுஞ்செய்தி மராத்தியிலோ, இந்தியிலோ, ஆங்கிலத்திலோ, எதில் வந்தாலும் எங்களுக்குப் பாதகமில்லை. தேதி எண்ணில்தானே இருக்கப் போகிறது.

தங்கள் உண்மையுள்ள வாசகன்,
செம்பூர், மும்பை